கால் நகத்தைப் பிடிக்கும் பங்கசு

மாரி மழை தொடங்கிப் பெரும்போக வேலை மும்முரமாகும் காலத்தில், நமது கால்கள் ஒரு நாளில் எத்தனை மணித்தியாலம் ஈரத்தில் நிற்கின்றன என்று எண்ணிப் பார்த்ததுண்டா? விடியப்புறம் கிணற்றடி, பின்னர் வயல் சேறு, திரும்பும் வழியில் வாய்க்கால், ஐந்து நேரமும் வுழுச் செய்யும் தண்ணீர், இரவில் ஒழுகும் கூரையின் கீழ் நனைந்த தரை. இவ்வளவையும் தாங்கும் கால்களை, முள் குத்தினால் அல்லாது நாம் குனிந்து பார்ப்பதில்லை.

அப்படிக் கவனியாமல் விட்ட கால்களில் மெல்ல வந்து குடியேறும் ஒரு நோயைப் பற்றியது இந்தப் பாடம். கால் பெருவிரல் நகம் மஞ்சளாகும், பிறகு தடிக்கும், பிறகு ஓரம் பொடிப்பொடியாக உதிரும். ‘வயசு போனால் நகம் இப்படித்தான்’ என்று சிலர் விட்டுவிடுவார்கள். வெட்கப்பட்டு மறைப்போரும் உண்டு. கடையில் கிடைத்த ரியூப்பை மாதக்கணக்காகப் பூசிப் பணத்தை வீணாக்குவோரும் உண்டு. இந்த மூன்றும் தேவையில்லை. இது அசுத்தத்தின் அடையாளமோ பரம்பரைச் சாபமோ அல்ல. காரணம் தெரிந்த, மருந்தும் உள்ள நோய்.

உயிரைக் கொல்லாத இந்த நோய்க்கு ஏன் ஒரு பாடம் என்று கேட்கலாம். நீரிழிவு உள்ளவரின் காலில் இது பெரும் புண்ணுக்கு வாசல் திறந்துவிடும். விரலிடுக்கில் வெடித்த தோலினூடாக வேறு கிருமிகள் புகுந்து காலை வீங்க வைக்கும். நாட்கூலியில் வாழும் குடும்பத்தில் ஒருவர் பத்து நாள் காலை ஊன்ற முடியாமல் படுத்தால் அடுப்பு எரிவது எப்படி? ஆகவே இதை அறிந்திருப்பது நல்லது.

பங்கசு என்றால் என்ன?

நனைந்த பாணில் இரண்டு நாளில் பச்சையாகப் பூக்கும் பூஞ்சணத்தை எல்லோரும் கண்டிருப்போம். அதன் இனத்தையே பாடசாலைப் புத்தகம் பங்கசு என்கிறது. பங்கசுகளில் சில வகை மனிதரின் தோலின் மேற்பகுதி, தலைமயிர், நகம் ஆகியவற்றில் உள்ள கெரட்டின் என்னும் கடினமான பொருளை உண்டு வாழ்கின்றன. தேமல் போல் வட்டமாகப் படரும் படர்தாமரையும், விரலிடுக்கில் வெளுத்து உரியும் சேற்றுப்புண்ணும் பெரும்பாலும் இவற்றின் வேலையே. கால் நகத்தைக் கெடுப்பவற்றில் முதலிடம் பெறுவது ட்ரைக்கோஃபைட்டன் ரூப்ரம் என்னும் பங்கசு. எமது போன்ற வெப்ப நாடுகளில் மண்ணிலும் மரஞ்செடியிலும் வாழும் வேறு சில பங்கசுகளும் நகத்தில் ஏறுவதுண்டு.

பங்கசுக்கு வேண்டியவை மூன்று: ஈரலிப்பு, வெப்பம், காற்றுப் படாத இடம். மூடிய சப்பாத்தினுள் வியர்த்த கால் இம்மூன்றையும் கொடுக்கிறது. நகமும் அதற்கு வசதியான வீடுதான். நகத்தினுள் இரத்தம் ஓடுவதில்லை. ஆகவே உடலின் பாதுகாப்புப் படையும் மேலே பூசும் மருந்தும் அங்கே எளிதில் போய்ச் சேருவதில்லை. ஒருமுறை ஏறிய பங்கசு தானாக இறங்காமல் இருப்பதற்குக் காரணம் இதுவே.

எமது நிலையில் இது எப்படி வந்து சேர்கிறது?

சொந்த வளவில் இருந்த காலத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கிணறு, ஒரு வாசற்படி, ஆளுக்கொரு செருப்பு இருந்தன. 1990ஆம் ஆண்டின் வன்செயல்களில் கிழக்கில் எத்தனையோ விவசாயக் குடும்பங்கள் வீட்டையும் வயலையும் விட்டு வெளியேறின. 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் ஏறி வந்தபோது மருதமுனை, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் எனக் கரையோரம் முழுவதும் மீண்டும் ஒருமுறை சனங்கள் பாடசாலைகளிலும் பள்ளிவாசல்களிலும் கூடாரங்களிலும் தங்க நேர்ந்தது. 2011 ஜனவரியிலும் 2024 நவம்பரிலும் வெள்ளம் வந்து மேலும் பலரை வீட்டை விட்டு எழுப்பியது.

இப்படி நெருங்கி வாழும்போது பல பொருட்கள் பொதுவாகிவிடுகின்றன. பத்துக் குடும்பத்துக்கு ஒரு குளிக்கும் இடம், மலசலகூட வாசலில் ஒரே சோடிச் செருப்பு, வீட்டுக்கெல்லாம் ஒரு துவாய், ஒரு நகவெட்டி. உதவியாகக் கிடைத்த பழைய சப்பாத்தையும் கழுவாமல் போடுகிறோம். நோயுள்ளவரின் காலிலிருந்து உதிரும் கண்ணுக்குத் தெரியாத தோல் துகள்களில் பங்கசு உயிரோடு இருக்கும். ஈரத்தரையில் அடுத்தவர் கால் வைக்கும்போது அது ஒட்டிக்கொள்ளும்.

ஆனால் ஒட்டிய உடனே நோய் வந்துவிடுவதில்லை. முதலில் அது விரலிடுக்கின் தோலில், பெரும்பாலும் நாலாம் ஐந்தாம் விரல்களுக்கு இடையில் குடியேறும். தோல் வெளுத்து, ஊறி, உரிந்து, அரிக்கும். சிலருக்கு உள்ளங்கால் முழுவதும் மாப் பூசியது போல் வறண்டு செதில் படும். இந்த நிலையில் ஒரு ரியூப் மருந்தோடு காரியம் முடியும். அதை விட்டுவிட்டால் மாதங்கள் போக, நகத்தின் ஓரத்தினால் உள்ளே நுழையும். பிறகு மருந்துக்கு மாதக்கணக்காகும். நகத்தைக் காப்பாற்ற விரும்புகிறவர் விரலிடுக்கைக் காப்பாற்ற வேண்டும். இந்தப் பாடத்தில் ஒன்றை மட்டும் மனதில் வைப்பதானால் இதை வையுங்கள்.

வயல் சேறு எவ்வளவு நேரம் காலைப் பிடித்தால் கெடுதல் என்பதற்கு வெளிநாட்டு உதாரணம் ஒன்றுண்டு. 1960களின் பிற்பகுதியில் வியட்நாமின் மேகொங் கழிமுகத்து நெல்வயல்களில் நின்ற அமெரிக்கப் படையின் 9ஆம் காலாட்படைப் பிரிவில், நனைந்த சப்பாத்தைக் கழற்றாமல் நாட்கணக்காக நடந்த போர்வீரர்கள் பெருந்தொகையாகக் கால் நோயால் விழுந்தார்கள். படை வைத்தியர்கள் ஆராய்ந்த பின் ஒரு விதி வந்தது: தொடர்ந்து 48 மணித்தியாலத்துக்கு மேல் எவரையும் சேற்றில் நிறுத்தக்கூடாது, அதன்பின் 24 மணித்தியாலம் காலை உலர விட வேண்டும். கால் உலரும் நேரமும் ஒரு மருந்து என்பதே அதிலிருந்து நாம் படிக்க வேண்டியது. அது காசு கொடுக்காமல் கிடைக்கும் மருந்து.

நகத்தைப் பார்த்து அறிவது எப்படி?

பகல் வெளிச்சத்தில் காலைக் கழுவித் துடைத்துவிட்டுப் பாருங்கள். பின்வரும் அடையாளங்களைக் கவனியுங்கள்.

1. நகத்தின் நுனியிலோ பக்க ஓரத்திலோ மஞ்சள், வெள்ளை அல்லது மண்ணிறத் திட்டுத் தொடங்கி அடி நோக்கிப் போகும்.

2. நகம் தடிக்கும். நகவெட்டிக்குள் அடங்காது. செருப்பு அழுத்தினால் நோகும்.

3. நகத்தின் கீழ் மாப்போன்ற பொடி சேரும். நகம் சதையை விட்டுத் தூக்கி நிற்கும்.

4. ஓரம் நொறுங்கும், உதிரும்.

5. எல்லா நகமும் ஒரே நேரத்தில் கெடாது. பெருவிரலோ சின்னவிரலோ முதலில் பிடிபடும். இரண்டு காலும் ஒரே அளவாக இருப்பதும் குறைவு.

6. விரலிடுக்கிலோ உள்ளங்காலிலோ மேலே சொன்ன தோல் நோயும் பெரும்பாலும் கூட இருக்கும்.

சிலருக்கு நகத்தின் மேற்பரப்பில் சுண்ணாம்பு தடவியது போல் வெள்ளைப் புள்ளிகள் மட்டும் தோன்றும்; சுரண்டினால் பொடியாக வரும். நகத்தின் அடிப்பக்கத்திலிருந்து வெளுப்புத் தொடங்குமானால் உடலின் எதிர்ப்புச் சக்தி குறைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர் தாமதியாமல் வைத்தியரைக் காண வேண்டும்.

பிள்ளைகளின் நகம் வேகமாக வளர்வதால் அவர்களுக்கு இது வருவது அரிது. வயது ஏற ஏற அதிகம் வரும். மருதோண்டி போட்ட நகத்தில் நிறமாற்றம் தெரியாது என்பதையும் பெண்கள் நினைவில் வைக்க வேண்டும். சந்தேகம் இருந்தால் அந்த நகத்துக்கு மருதோண்டி போடாமல் விட்டுப் பாருங்கள்.

கெட்ட நகம் எல்லாம் பங்கசு அல்ல

நிறம் மாறித் தடித்த நகங்களில் ஏறத்தாழ பாதியளவே பங்கசால் வருபவை. மற்றவற்றுக்குப் பங்கசு மருந்து கொடுத்தால் காசும் போகும், ஈரலுக்கும் வீண் சுமை. ஆகவே வேறு காரணங்களையும் தெரிந்துகொள்வோம்.

மண்வெட்டி விழுந்த நகம், இறுக்கமான சப்பாத்தில் வருடக்கணக்காக அழுந்திய நகம் ஆகியவை தடித்துக் கறுத்து நிற்கும். அடிபட்டதன் இரத்தக் கறை நகம் வளர வளர நுனி நோக்கி நகரும்.

சொரியாசிஸ் என்னும் தோல் நோய் உள்ளவருக்கு நகத்தில் ஊசியால் குத்தியது போல் சிறு குழிகள் விழும். முழங்கை, முழங்கால், தலை ஆகிய இடங்களில் வெள்ளிச் செதில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நகத்தைச் சுற்றிச் சதை சிவந்து வீங்கி, குத்துவலி எடுத்து, சீழ் வைத்தால் அது நகச்சுத்தி. நாள் முழுவதும் தண்ணீரில் கைவைத்து வேலை செய்யும் பெண்களின் கைவிரலில் இது அதிகம். இதற்கு மருந்து வேறு.

நகத்தில் திடீரெனக் கறுப்புக் கோடு ஒன்று தோன்றி அகன்றுகொண்டே போனால், அல்லது அந்தக் கறுப்பு நகத்தைக் கடந்து தோலிலும் படர்ந்தால், ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அரிதாக அது புற்றுநோயாக இருக்கலாம்.

உடலில் வெளிறிய தேமல் இருந்து, அந்த இடத்திலோ பாதத்திலோ தொட்டால் உணர்ச்சி தெரியவில்லை என்றால் தோல் கிளினிக்குக்குப் போக வேண்டும். தொழுநோய்க்கு அரசாங்க வைத்தியசாலையில் இலவச மருந்து உண்டு. காலத்தோடு போனால் முற்றாகக் குணமாகும்.

சோதித்த பின்பே குளிசை

கண்ணால் பார்த்து மட்டும் குளிசை தொடங்குவது சரியல்ல. நகத்தில் ஒரு துண்டை வெட்டி, கீழே உள்ள பொடியையும் சுரண்டி எடுத்து, பொட்டாசியம் ஐதரொட்சைட்டுக் கரைசலில் ஊறவைத்து நுணுக்குக்காட்டியில் பார்ப்பார்கள். பங்கசு இருந்தால் நூல் நூலாகத் தெரியும். அதை வளர்த்துப் பார்த்து எந்த இனம் என்று அறியும் சோதனைக்குச் சில வாரங்கள் எடுக்கும். கொழும்பிலுள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் பங்கசு ஆய்வுக்கென ஒரு பிரிவே உண்டு.

கல்முனையில் அஷ்ரஃப் ஞாபகார்த்த வைத்தியசாலை, கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலை என இரண்டு அரசாங்க வைத்தியசாலைகள் இருக்கின்றன. உங்களுக்கு அண்மையான வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவில், தோல் கிளினிக் எங்கே, எந்த நாளில் நடக்கிறது என்று கேட்டு அறிந்துகொள்ளுங்கள். போகுமுன் சில வாரங்களாவது நகத்தில் பங்கசு மருந்து எதுவும் பூசாமல் இருங்கள். பூசியிருந்தால் சோதனையில் பங்கசு அகப்படாமல் போகலாம். பூசிய ரியூப், விழுங்கிய குளிசை, வேறு நோய்க்கு எடுக்கும் மருந்து எல்லாவற்றின் மட்டைகளையும் கையோடு கொண்டு போங்கள். இடம்பெயர்ந்தவர்களிடம் பழைய கிளினிக் கொப்பி இருப்பதில்லை. மருந்து மட்டையே வைத்தியருக்கு வழிகாட்டும்.

மருந்து எப்படி?

*தோலில் மட்டும் இருக்கும்போது:* குளோட்ரிமசோல் அல்லது மைக்கோனசோல் கிரீமைக் காலையும் மாலையும் உலர்ந்த விரலிடுக்கில் மெல்லியதாகப் பூச வேண்டும். இரண்டு முதல் நாலு வாரம் எடுக்கும். அரிப்பு மூன்று நாளில் நின்றுவிடும். அத்தோடு நிறுத்துவதுதான் நாம் எல்லோரும் செய்யும் தவறு. தோல் தெளிந்த பின்னும் மேலும் ஒன்று இரண்டு வாரம் பூசினால்தான் வேர் அறும். டெர்பினாஃபின் கிரீம் விரலிடுக்குக்கு ஒரு வாரத்திலேயே பெரும்பாலும் போதும். பென்சோயிக் அமிலமும் சலிசிலிக் அமிலமும் சேர்ந்த விற்ஃபீல்ட் களிம்பு பழையது, மலிவானது. வறண்ட செதிலுக்கு நல்லது. வெடித்துப் புண்ணான இடத்தில் பூசினால் எரியும்.

*நகத்தில் சிறிதளவு ஏறியிருந்தால்:* நகத்தின் நுனியில், பாதிக்கும் குறைவாக, ஒன்றிரண்டு விரலில் மட்டும் இருந்தால் நகப்பூச்சு மருந்து முயன்று பார்க்கலாம். அமோரோல்ஃபின் பூச்சு வாரத்தில் ஒன்று அல்லது இரண்டு முறை, ஒன்பது முதல் பன்னிரண்டு மாதம் வரை பூச வேண்டும். சிக்லோபிரொக்ஸ் பூச்சு நாளாந்தம் ஏறத்தாழ ஒரு வருடம். முன்னதாக நகத்தை அராவி மெல்லியதாக்க வேண்டும். அந்த அரம் மற்ற நகத்தில் படக்கூடாது. சாதாரண கிரீம் தடித்த நகத்தை ஊடுருவாது. அமோரோல்ஃபின் போன்ற பூச்சு நகத்தின் மேல் படலமாக நிற்கும் என்பதால், வுழுச் செய்வோர் தொடங்குமுன்னரே தங்கள் ஆலிமிடம் கேட்டுத் தெளிவது நல்லது. பாதியில் நிறுத்தினால் போட்ட காசும் காலமும் வீண்.

*நகம் பெரும்பாலும் கெட்டிருந்தால்:* குளிசை வேண்டும். இன்று முதலில் கொடுப்பது டெர்பினாஃபின். வளர்ந்தவருக்கு வழக்கமான அளவு நாளொன்றுக்கு 250 மில்லிகிராம் ஒரு குளிசை. கைநகத்துக்கு 6 வாரம், கால் நகத்துக்கு 12 வாரம். நாளுக்கு ஒருமுறை என்பதால் நோன்பு காலத்திலும் நிறுத்தத் தேவையில்லை. நோன்பு திறந்த பின் எடுக்கலாம். தொடங்குமுன் ஈரல் எப்படி வேலை செய்கிறது என்று இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். ஈரல் நோய் உள்ளவர், கர்ப்பிணி, பாலூட்டும் தாய் ஆகியோருக்கு இது பொருந்தாது. எடுக்கும் காலத்தில் கண் மஞ்சளித்தால், சிறுநீர் கடுமையாக நிறம் மாறினால், ஓங்காளம் நிற்காமல் இருந்தால் குளிசையை நிறுத்தி உடனே வைத்தியரிடம் போக வேண்டும். சிலருக்கு நாக்கின் ருசி சில காலம் கெடும், அதையும் சொல்லுங்கள்.

இட்ராகொனசோல் என்னும் மருந்தை மாதத்தில் ஒரு வாரம் என்ற கணக்கில் மூன்று மாதம் கொடுப்பதும் உண்டு. இதய பலவீனம் உள்ளவருக்கு அது ஆகாது. கொலஸ்ட்ரோலுக்கு எடுக்கும் சில குளிசைகளோடும் சேராது. பழைய மருந்தாகிய கிரிசியோஃபுல்வின் கால் நகத்துக்கு ஒரு வருடத்துக்கு மேல் எடுக்க வேண்டியது, பலனும் குறைவு. கீட்டோகொனசோல் குளிசை ஈரலைத் தாக்கும் என்பதால் 2013இல் ஐரோப்பாவும் அமெரிக்காவும் இவ்வகை நோய்களுக்கு அதை ஒதுக்கிவிட்டன. எவராவது கொடுத்தால் காரணம் கேளுங்கள்.

பொறுமையும் ஓர் அளவுகோலும்

கால் பெருவிரல் நகம் மாதத்துக்கு ஒன்றரை மில்லிமீற்றர் அளவே வளரும். புது நகம் அடியிலிருந்து நுனி வரை வர ஒரு வருடம் முதல் ஒன்றரை வருடம் செல்லும். மூன்று மாதம் குளிசை விழுங்கியும் நகம் பழையபடியே இருக்கிறது என்று மனம் உடையாதீர்கள். கெட்ட பகுதி நல்லதாக மாறுவதில்லை. அதன் பின்னால் நல்ல நகம் வளர்ந்து அதை வெளியே தள்ளும். நெல்லில் பழைய தாள் காய்ந்திருக்க, அடியில் புதுக் கிளை எடுப்பதைப் போல.

பலன் தெரிகிறதா என்று அறிய எளிய வழி ஒன்றுண்டு. நல்ல நகமும் கெட்ட நகமும் சந்திக்கும் இடத்தில், நல்ல பக்கத்தில், அரத்தால் மெல்லிய கோடு ஒன்று இழுத்து வையுங்கள். மாதாமாதம் பாருங்கள். கெடுதி கோட்டுக்கு முன்னாலேயே நின்று, கோடும் சேர்ந்து நுனிக்கு நகர்ந்தால் மருந்து வேலை செய்கிறது. கெடுதி கோட்டைத் தாண்டி அடிக்கு வந்தால் மீண்டும் வைத்தியரைக் காண வேண்டும். நீரிழிவு உள்ளவர் இக்கோட்டைத் தாமே இழுக்காமல் கிளினிக்கில் செய்விக்கட்டும்.

எல்லோருக்கும் முழுக் குணம் கிடைக்கும் என்று சொல்வது பொய். டெர்பினாஃபின் குளிசையை ஒழுங்காக எடுத்தவர்களில் நாலு பேரில் மூவரளவுக்குப் பங்கசு அழிகிறது. நகம் முழுவதும் பழைய தோற்றத்துக்கு வருவோர் அதிலும் குறைவு. திரும்பவும் வரக்கூடும். நோவில்லாத, நீரிழிவும் இல்லாத முதியவர் குளிசை வேண்டாம் என்று முடிவெடுத்து, நகத்தைக் குறுக வெட்டி, தோலைச் சுத்தமாக வைத்திருப்பதும் தவறல்ல. வைத்தியரோடு பேசி முடிவு செய்யட்டும்.

செய்யக்கூடாதவை

ஸ்டிரொய்ட் கலந்த கிரீமைப் பூசாதீர்கள். பீற்றாமெதசோன், குளோபெற்றசோல் போன்ற பெயர்கள் ரியூப்பில் இருந்தால் அது ஸ்டிரொய்ட். அரிப்பு ஒரே நாளில் அடங்கும். பங்கசோ உள்ளே வளரும். இந்தியாவில் இவ்வகைக் கலப்புக் கிரீம்களைக் கண்டபடி பூசிய பழக்கத்தோடு சேர்ந்தே, வழக்கமான மருந்துக்கு அடங்காத படர்தாமரையும் பெருகியது. அதற்குக் காரணமான ஒரு பங்கசுக்கு 2020இல் ட்ரைக்கோஃபைட்டன் இந்தோட்டினியே என்று தனிப்பெயரே இட நேர்ந்தது.

மண்ணெண்ணெய், பற்றறி அசிட், குளோரின் தூள் ஆகியவற்றை நகத்தில் ஊற்றாதீர்கள். சதை வெந்து போகும். மருதோண்டி அரைத்துக் கட்டுவது சேற்றுப்புண்ணுக்கு நாம் தலைமுறையாகச் செய்துவந்தது, குளிர்ச்சி தரும். ஆனால் நகத்தினுள் ஏறிய பங்கசை அது அழிக்காது. நகத்தைப் பிடுங்கி எறிந்தாலும் நோய் போகாது. அடியில் இருப்பது புது நகத்திலும் ஏறும்.

நீரிழிவு உள்ளவருக்கு விசேட கவனம்

சீனி வியாதி நாட்பட்டால் பாதத்தின் உணர்ச்சி மங்கும், இரத்த ஓட்டமும் குறையும். தடித்த நகம் பக்கத்து விரலைக் கிழித்தாலும் அவருக்குத் தெரியாது. அந்தச் சிறு காயம் வயல் சேற்றில் நனைந்து அழுகி, விரலையோ காலையோ எடுக்கும் நிலைக்குப் போவதுண்டு. ஆகவே நீரிழிவு உள்ளவரின் கால் நகம் தடித்தால் அதை அழகின் குறையாக எண்ணாமல் அடுத்த கிளினிக்கிலேயே காட்டுங்கள். நகத்தைத் தாமே ஆழமாக வெட்ட வேண்டாம். ஒவ்வொரு இரவும் வீட்டில் ஒருவர், மகளோ பேரனோ, விளக்கு வெளிச்சத்தில் உம்மாவின், வாப்பாவின் பாதத்தைத் திருப்பிப் பார்க்கட்டும். கால் சிவந்து, சூடாகி, வீங்கி, காய்ச்சலும் கூடினால் அன்றே வைத்தியசாலை.

மற்றவர்க்கும் ஒரு சொல். வெடித்த தோலினூடாக எலிக்காய்ச்சல் கிருமியும் நுழையும். 2008இல் எமது நாட்டில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்டோர் எலிக்காய்ச்சல் சந்தேக நோயாளராகப் பதிவாகினர். வயலில் இறங்குமுன் எடுக்கும் தடுப்புக் குளிசை பற்றி உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் கேளுங்கள்.

ஒரு கிணறும் ஒரு கூரையும் உள்ள இடத்தில் என்ன செய்யலாம்?

பெரிய செலவு வேண்டாம். பின்வருவன போதும்.

வயலால் வந்ததும் காலைச் சவர்க்காரமிட்டு நல்ல தண்ணீரில் கழுவுங்கள். விரலிடுக்கைக் கோதிக் கழுவுவது வுழுவில் நமக்குப் பழகிய காரியம்தான். கழுவிய பின் ஒவ்வொரு இடுக்கையும் உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். பழைய சாரத்தைக் கிழித்து ஆளுக்கொரு துண்டாக, நிறம் வேறாகத் தைத்துக்கொண்டால் யாருடையது எது என்று குழம்பாது.

மலசலகூடத்துக்கும் குளிக்குமிடத்துக்கும் ஆளுக்கொரு இறப்பர் செருப்பு. வாங்க முடியாவிட்டால், பொதுச் செருப்பை நாளாந்தம் கழுவி வெயிலில் வையுங்கள். பிறர் தந்த சப்பாத்தை உள்ளும் புறமும் கழுவி, பல நாள் நன்றாகக் காயவிட்டுப் போடுங்கள். காலுறையைக் கொதிநீரில் அலசுங்கள்.

நகவெட்டியை ஒருவர் பாவித்தபின் சவர்க்காரத்தால் கழுவிக் கொதிநீரில் இடுங்கள். நோயுள்ள நகத்தைக் கடைசியாக வெட்டுங்கள். நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையைத் தோண்டாதீர்கள்.

வீட்டில் ஒருவருக்கு மருந்து தொடங்கினால் மற்றவர்களின் விரலிடுக்கையும் பாருங்கள். அவர்களுக்கும் இருந்தால் ஒரே நேரத்தில் பூசுங்கள். ஒருவருக்கு மட்டும் பூசினால் அது வீட்டைச் சுற்றி வரும்.

வயல் வேலை இல்லாத நாளில் காலைக் கடற்கரைக் காற்றும் வெயிலும் படவிட்டு, காய்ந்த மணலில் ஆறவிடுங்கள். நீரிழிவு உள்ளவர் மட்டும் வெறுங்காலுடன் சுடுமணலில் நிற்க வேண்டாம்.

குழுவாகக் கலந்துரையாடுவதற்கு

1. எமது குடியிருப்பில் பொதுவாகப் பாவிக்கும் பொருட்கள் எவை? அவற்றில் இந்த மாதமே ஆளுக்கொன்றாகப் பிரிக்கக்கூடியது எது?

2. குளிக்கும் இடத்துத் தரையில் தண்ணீர் தேங்காமல் வழிந்தோட, நாமே கூடி மண்ணோ கல்லோ இட்டுச் சீர்செய்ய முடியுமா? யார் முன்னின்று செய்வது?

3. எமது வீடுகளில் நீரிழிவு உள்ளவர்கள் யார்? அவர்களின் பாதத்தை ஒவ்வொரு இரவும் பார்க்கும் பொறுப்பு யாருடையது?

4. தோல் கிளினிக் நாளில் ஒரே வாகனத்தில் பலர் சேர்ந்து போனால் ஆளுக்கு எவ்வளவு செலவு குறையும்? கணக்குப் பார்த்து அடுத்த கூட்டத்துக்கு வாருங்கள்.